கோழி இறங்காத கார்

ஒரு ஊர்ல ஒரு பச்சைக் கார். அதுல அன்னிக்கு ஏறினவங்களைச் சொல்றேன், விரலை மடக்கு. ஓட்டுறது சௌந்தரபாண்டி. பக்கத்துல அவர் சம்சாரம் வேலம்மா. பின்சீட்டுல மூணு பொண்ணுங்க, செண்பகம், குஞ்சரம், தாமரை. ஆச்சா, அஞ்சு. அப்புறம் ஒரு செவலைக் கோழி. அதோட ஆறு.

"குஞ்சரம்னா நீதானே சித்தி?"

குறுக்கப் பேசாதே, எண்ணிக்கை தப்பிடும். ம் மட்டும் கொட்டு.

"ம்."

பின்சீட்டு மூலையில பஞ்சு பிஞ்ச இடத்துல அந்தக் கோழி ஒம்பது முட்டை மேல அடை உக்காந்திருந்துச்சு. கிட்ட போனா, க்ர்ர்ர்!

பொண்ணுங்க மூணும் வளந்துட்டாங்க. கால் நீட்டிப் படுக்க இடமில்லை. கார் நிக்கிற கொட்டகையை அறையாக்கணும். அதனால பக்கத்து ஊர் டெய்லர் இப்ராகிம் ராவுத்தருக்குக் காரைத் தர்றதா வாக்குக் கொடுத்தாச்சு. அன்னையிலேர்ந்து சௌந்தரபாண்டிக்குச் சோறு இறங்கலை. "புதுக் கை. வெயில்ல போட்டுருவாரோ? துடைப்பாரோ மாட்டாரோ?" இதே புலம்பல்.

அப்புறம் அந்த நாளும் வந்துச்சு. கடைசி சவாரி இல்லையா, வீட்டுல இருக்க யாருக்கும் மனசில்லை. கோழியும் இறங்கலை. டுர்ர்ர், டப் டப் டப், பாம் பாம்! போய்ச் சேந்தாச்சு. சாவியைக் கொடுத்தாச்சு. சர்பத்தும் குடிச்சாச்சு.

அப்போதான் வேலம்மா கேட்டா, "ஏங்க, நாம எதுல திரும்பிப் போறது?"

ஒருத்தருக்கும் அது தோணவேயில்லை!

"அதுக்கென்ன மாப்ளே, நம்ம கார்லயே கொண்டு விடுறேன்"னார் ராவுத்தர். "ஆனா எனக்கு ஓட்டத் தெரியாதே!"

அப்போ மறுபடி சௌந்தரபாண்டிதான் ஓட்டினார். ராவுத்தரும் ஏறிக்கிட்டார். டுர்ர்ர், டப் டப், பாம் பாம்! வீடு வந்துச்சு. கார் பழைய கொட்டகையில நின்னுச்சு.

"மாப்ளே, இப்போ நான் எப்படிப் போறது?"

"ஏறுங்க மாமு!"

இன்னொரு கடைசி சவாரின்னு பொண்ணுங்களும் ஏறிட்டாங்க. வேலம்மாவும் ஏறிட்டா. டுர்ர்ர், டப் டப்! மூணாவது தடவை. ராவுத்தர் வாசல்ல இறங்கினா, மறுபடி அதே கேள்வி. சௌந்தரபாண்டிக்கோ உள்ளுக்குள்ள ஒரே குஷி. ராத்திரி வரைக்கும் இப்படியே ஓட்டலாம்னு பார்த்தார்.

வேலம்மா விடுவாளா? "போதும் உங்க விளையாட்டு. ராவுத்தரண்ணே, ரெண்டு தடவை கூட வந்து பாத்தீங்கல்ல, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல இருந்து சொல்றேன். இவரு பின்னாடி கோழிகூட உக்காரட்டும்."

"ம்..."

சௌந்தரபாண்டி தன் கார்ல பின்சீட்டுல உக்காந்ததேயில்லை. ராவுத்தர் கிளப்பினார். குலுக், குலுக்! சீட்டு ஸ்பிரிங் டொய்ங், டொய்ங்! காத்து முகத்துல விசுவிசுன்னு அடிச்சுது. புளியமரமெல்லாம் பின்னாடி ஓடுச்சு. "அடிப்பாவிங்களா, இவ்வளவு நாளா இந்தச் சுகத்தை நீங்கதான் அனுபவிச்சீங்களா?"ன்னு பொண்ணுங்களைக் கேட்டுக் கேட்டுச் சிரிச்சார். கோழி அவர் விரலை ஒரு கொத்து கொத்துச்சு. அதுக்கும் சிரிச்சார்.

வீட்டு வாசல்ல அஞ்சு பேரும் இறங்கினாங்க. ராவுத்தர் தனியாவே, குலுக் குலுக், பாம் பாம், போயிட்டார். அப்புறம்தான் தாமரை கத்தினா, "ஐயோ, கோழி!"

"அப்போ கோழி... போயிடுச்சா?"

சௌந்தரபாண்டி மறுநாள் விடியறதுக்குள்ள ராவுத்தர் வீட்டுக்கு நடந்தே போனார். பாத்தா, கார் வேப்பமர நிழல்ல நிக்குது. மேல ஒரு புதுத்துணி உறை. கோழிக்குக் காத்து வர ஜன்னல் வெச்சுத் தெச்சிருக்கு!

"அடைக்கோழியைக் கிளப்பலாமா மாப்ளே? குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் வண்டியை எடுத்துக்கிறேன்"னார் ராவுத்தர்.

அன்னிக்குத்தான் சௌந்தரபாண்டி வயிறார நாலு இட்லி சாப்பிட்டார். அதுவும் ராவுத்தர் வீட்டுல.

ஒம்பதுல ஒண்ணு கூமுட்டை. எட்டு பொரிச்சுது. கீச் கீச் கீச்! தாயையும் எட்டுக் குஞ்சையும் ராவுத்தரே அந்தக் கார்ல கொண்டு வந்தார். இதோ, இந்த அறையில இறக்கி விட்டார். ஆமா, நீ படுத்திருக்கியே, இங்கதான் அந்தக் கார் நின்னுச்சு.

"..."

குஞ்சுங்க தேறினதும், கார்ல பொறந்ததுக்குப் பாதி கார்க்காரருக்குன்னு நாலை அவருக்கு அனுப்பியாச்சு. காரும் வீடு சேந்துச்சு, கதையும் வீடு சேந்துச்சு, நீ கண்ணை மூடு. நம்ம வீட்டுல மிச்சம் நாலு.