காணாமல் போன ஐந்து கிலோ

நாச்சிமுத்து படியேறி வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, அன்றைக்கு அவர் தியானத்துக்கு வரவில்லை என்று.

பைபாஸ் ரோட்டோரம், ஒரு பழைய இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது வடிவம்மையின் தியானக் கூடம். வடிவம்மைக்கு வயது நாற்பதுகூட இருக்காது. பதினோரு வருடம் நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, ஒருநாள் வேலையை உதறிவிட்டு வந்தவர். நாச்சிமுத்து நூல் வியாபாரி. வயது ஐம்பத்திரண்டு. தன்னைவிடச் சின்னவரிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று ஆரம்பத்தில் அவருக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. நாலு வருடத்தில் அது அடங்கியிருந்தது. அன்றைக்கு மறுபடியும் தலைதூக்கியது.

"இந்த மாசத்துல மூணாவது தடவைங்கம்மா," என்றார், உட்காராமலே. "பாப்பாவுக்கு மூச்சு அடைக்குது. நேத்து உதடு நீலம் பூத்துப்போச்சு. எம் பொண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி?"

அவருடைய ஒரே மகள் நிறைமதிக்கு ஒன்பது வயது. கல்யாணமாகிப் பதினாலு வருடம் கழித்துப் பிறந்தவள்.

"டாக்டர் என்ன சொல்றாருங்க?" என்று கேட்டார் வடிவம்மை.

"மருந்து குடுக்கறாரு. தூசில விடாதீங்கறாரு. நான் எங்கம்மா விடறேன்? ஜன்னலைத் திறக்கறதில்ல. அவ கால் தெருவில பட்டு மூணு வருஷமாச்சு. ஸ்கூலுக்குக்கூடக் கார்லதான்."

"ஸ்கூல் எவ்வளவு தூரம்?"

"முக்கால் கிலோமீட்டர் இருக்கும். ஆனா நடக்கற மாதிரியா இருக்குது ரோடு? எல்லாரும் கார் எடுத்துட்டு வந்து நிக்கறாங்க. பொடிப்பிள்ளையை அதுக்குள்ள எப்படி நடக்க விடறது? அதனால நானும் எடுக்கறேன்."

கீழே லாரி ஒன்று போனது. கண்ணாடி டம்ளர் அதிர்ந்து நின்றது.

"வண்டி எப்படி இருக்குது?" என்றார் வடிவம்மை.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. மகளைப் பற்றிப் பேசும்போது வண்டியை விசாரிக்கிறாரே. "வண்டிக்கு என்னங்க. டயர்தான் நாலும் மொட்டையாயிருச்சு. மாத்தணும்னு மெக்கானிக் சொன்னான்."

"ஸ்டெப்னி?"

"அது புதுசாவே இருக்குது. மூணு வருஷத்துல ஒருநாள்கூடத் தரையைத் தொட்டதில்ல."

"ஒரு சக்கரத்தைக் கழட்டுங்க. ஸ்டெப்னியையும் எடுங்க," என்று சொல்லிவிட்டு வடிவம்மை முந்தானையைச் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

வெள்ளைச் சட்டையோடு ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து ஜாக்கி வைத்தார் நாச்சிமுத்து. போகிறவர்கள் பார்த்தார்கள். மானம் போனது. இரண்டு சக்கரங்களையும் உருட்டிக்கொண்டு இரும்புக் கடைக்குள் போனார். கடைக்காரர் அப்துல் மஜீத், எடைக் கருவியில் முதலில் ஸ்டெப்னியை ஏற்றினார்.

"பதினஞ்சு கிலோ நானூறு."

அடுத்து மொட்டைச் சக்கரம்.

"பதினாலு கிலோ நூத்தம்பது."

"ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே ரிம்முதானுங்களே?" என்றார் வடிவம்மை.

"ஆமாங்க."

"அப்ப ஒரு சக்கரத்துக்கு ஒண்ணேகால் கிலோ. நாலுக்கும் அஞ்சு கிலோ காணோம். எங்க போச்சு?"

"தேஞ்சு போச்சுங்கம்மா."

"தேஞ்சு எங்க போச்சு?"

நாச்சிமுத்து மஜீத்தைப் பார்த்தார். மஜீத் எடைக் கருவியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்பவர் காணிக்கை வைக்க வேண்டும். என்ன வைப்பது என்பதை வடிவம்மைதான் சொல்வார். ஒருத்தரிடம் ஒரு படி உப்பு கேட்டிருக்கிறார். இன்னொருத்தரிடம் அவர் தம்பிக்கு எழுதி, போடாமல் வைத்திருந்த கடிதத்தைக் கேட்டிருக்கிறார்.

"அந்த அஞ்சு கிலோவைக் கொண்டு வாங்க. அதுதான் காணிக்கை. அப்புறம் பதில் சொல்றேன்."

"கரூர், சேலம்னு ஊரெல்லாம் ஓடின வண்டிங்கம்மா. எங்க போய்த் தேடுவேன்?"

"ஊரெல்லாம் வேண்டாம். உங்க வீட்டுல இருந்து ஸ்கூல் வரைக்கும் கூட்டுங்க. கிடைச்ச வரைக்கும் போதும்."

நாச்சிமுத்துவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் மூச்சுக்குத் தவிக்கிறாள், இந்தம்மா ரோட்டைக் கூட்டச் சொல்கிறது. இனி இந்தப் படியை மிதிப்பதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரு விளக்குமாறும் வெள்ளைத் துண்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். பெற்றவன் பயம் அப்படி. யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்துவிடுகிற நிலைமைக்கு அவர் வந்திருந்தார்.

"என்ன நாச்சிமுத்து, முனிசிபாலிட்டியில வேலை கிடைச்சிருச்சா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். நாச்சிமுத்து குனிந்து கூட்ட ஆரம்பித்தார்.

நடைபாதை ஓரத்தில், கார்கள் பிரேக் போடும் திருப்பத்தில், கருப்பாய் ஒரு தூள் படிந்திருந்தது. மண்ணைப் புடைத்துத் தள்ளிவிட்டு அதை மட்டும் துண்டில் சேர்த்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார். மண் உதிரும். இது உதிரவில்லை. சின்னச் சின்னத் திரியாக உருண்டது. நிறைமதி பென்சில் எழுத்தை அழித்த பிறகு நோட்டில் கிடக்குமே, அந்த மாதிரி.

ஒன்றரை மணி நேரம் கூட்டினார். ஒரு கைப்பிடி தேறவில்லை.

வீடு திரும்பி, மகளுடைய அறைப்பக்கம் குழாயில் கை கழுவப் போனவர், தலையைத் தூக்கினார். மூடிய ஜன்னல். வெளியே கொசுவலை. அதன் கீழ்ச்சட்டத்தில் கருப்பு படிந்திருந்தது. துண்டின் ஓரத்தால் துடைத்து விரலில் தேய்த்தார்.

திரிதிரியாக உருண்டது.

கதவைத் திறந்து உள்ளே போனார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தார். அங்கேயும் இருந்தது. மனைவி சாந்தாமணி வந்து, "என்னாச்சுங்க?" என்றபோது ஒன்றுமில்லை என்று துண்டை மடித்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டே கால் மணி. பள்ளிக்கூட வாசலுக்கு நானூறு அடி முன்னால் அவர் கார் நின்றது. முன்னால் இருபது, இருபத்தைந்து கார். பின்னால் அதே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. எல்லாம் இன்ஜினை அணைக்காமலே நின்றன.

"அப்பா," என்றாள் நிறைமதி.

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். திரும்பினார். அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. பைக்குள் கைவிட்டு இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"இழு சாமி. இழு."

இழுக்க முடியவில்லை. நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

ஆஸ்பத்திரி இருந்தது அதே தெருவின் மறுமுனையில். முன்னால் நகர வழியில்லை, பின்னால் நகர வழியில்லை. ஹாரனில் கையை வைத்து அழுத்தினார். அதற்குப் பதிலாக எல்லா வண்டியும் ஹாரன் அடித்தன. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணாடியும் ஏற்றியிருந்தது.

அவளுடைய உதட்டைப் பார்த்தார்.

கதவைத் திறந்தார். மகளைத் தூக்கித் தோளில் போட்டார். வண்டியை நட்டநடு ரோட்டில் அப்படியே விட்டுவிட்டு ஓடினார். "யோவ், வண்டியை எடுத்துட்டுப் போய்யா" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். ஒரு செருப்பு கழன்றது. நூல் மூட்டை தூக்கிப் பத்து வருடமான உடம்பு. இடுப்பு விட்டுப்போகும் போலிருந்தது. காதுக்குப் பக்கத்தில் அந்த விசில் மெலிந்துகொண்டே வந்தது. அது நிற்கக் கூடாது, அது மட்டும் நிற்கக் கூடாது என்று ஓடினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நிறைமதிக்கு முகமூடியை மாட்டினாள். மருந்துப் புகை ஏறியது. கால் மணி நேரம் கழித்து, "அப்பா, உங்க செருப்பு ஒண்ணு காணோம்," என்றாள் நிறைமதி. நாச்சிமுத்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், மகளோடு ஆட்டோவில் வந்து கூடத்தின் படியேறினார். வெள்ளைத் துண்டை வடிவம்மையின் முன்னால் விரித்தார்.

"இவ்வளவுதானுங்க கிடைச்சுது."

வடிவம்மை பார்த்தார். "கைப்பிடிகூட இல்லியே. மீதி?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். அந்த ஒரு நிமிஷம் கீழே ரோட்டில் எந்த வண்டியும் இல்லை. கூடம் அமைதியாக இருந்தது. படியேறி வந்த களைப்பில் நிறைமதி மூச்சு வாங்கினாள். உள்ளே மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. வடிவம்மைக்கும் கேட்டது.

இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அம்மிணி, மொட்டை மாடியில புறாவுக்குத் தீனி வெச்சிருக்கேன். மெதுவாப் போய்ப் பாரு," என்றார் வடிவம்மை. அவள் போனதும் துண்டை மடித்து நாச்சிமுத்துவின் கையிலேயே கொடுத்தார். "மீதியைத் தேடி இனி ரோட்டுக்குப் போக வேண்டாமுங்க."

நாச்சிமுத்து துண்டை இறுகப் பிடித்தார். அவர் குரலில் கோபமும் இருந்தது.

"சரிங்கம்மா. நான் வண்டியை நிறுத்திடறேன். நாளைக்கே நிறுத்திடறேன். ஆனா அங்க அம்பது வண்டி வருது. அந்த அம்பதும் நிக்காம நான் ஒருத்தன் இறங்கி என்னங்க ஆகப்போகுது?"

வடிவம்மை அவருடைய காலைப் பார்த்தார். செருப்பில்லாமல் ஓடிய வலது குதிகாலில் இன்னும் கட்டு இருந்தது.

"அன்னைக்குப் பாப்பாவைத் தூக்கிட்டு இறங்கினீங்களே," என்றார். "மத்தவங்களும் இறங்கட்டும்னு காத்திருந்தீங்களா?"