பாரபட்சம் பார்க்காதவர்

குரு வடக்கே யாத்திரை போயிருந்த கோடை அது. ஊரில் மடத்துக் கிணறு ஒன்றில்தான் தண்ணீர் இருந்தது. மேலத்தெருக்காரர்கள் தாங்களே இறைத்துக்கொண்டு போவார்கள். கீழத்தெருக்காரர்கள் கயிற்றைத் தொடக்கூடாது. மடத்துச் சீடர் திருமேனி இறைத்து, எட்ட நின்று அவர்கள் குடத்தில் ஊற்றுவார். எவன் வகுத்த முறையோ, நாசமாய்ப் போக.

திருமேனிக்கு அதில் பெருமை வேறு. எல்லோருக்கும் குடம் தளும்பத்தான் ஊற்றுகிறேன், எனக்குப் பாரபட்சமே கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மதியம் கீழத்தெருக் காத்தாயி குடத்தோடு ஓடிவந்தாள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. நெற்றியில் போடும் துணியை நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. திருமேனியோ உண்ட மயக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்தார். மேலத்தெருக்காரர்கள் வந்தார்கள், இறைத்தார்கள், போனார்கள். ஒருத்தர் மனசும் இளகவில்லை. கயிறு அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. திருமேனி எழுந்துவரும்வரை வெயிலில் நின்றாள் பாவி மகள். பிள்ளை பிழைத்தது தெய்வச் செயல்.

மறுநாள் குரு திரும்பியதும் காத்தாயி அவரிடம் போய், இனி நாங்களே இறைத்துக்கொள்கிறோம் சாமி என்று கேட்டாள். திருமேனிக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இவர்களுக்கு ஒரு சொட்டாவது குறைத்து ஊற்றியிருக்கிறேனா, இதைவிடப் பாரபட்சமில்லாமல் யார் நடப்பார் என்று குருவிடமே நியாயம் கேட்டார்.

சாப்பாட்டு வேளையில் குரு திருமேனியின் இலைமுன் வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து ஒரு கவளத்தை அவர் வாயில் ஊட்டினார். அதைப் பிரசாதமாகவே நினைத்துப் பக்தியோடு வாங்கிக்கொண்டார் திருமேனி. அடுத்த கவளத்துக்குள் குருவைப் பார்க்க யாரோ வந்தார்கள். குரு எழுந்துபோய் அவர்களோடு பேச உட்கார்ந்துவிட்டார். சோறு ஆறிப்போயிற்று. பசி தாளாமல் திருமேனி இலையில் கைவைக்கப் போனார்.

"தொடாதே" என்றார் குரு, இருந்த இடத்திலிருந்தே. "உன் பங்கு ஒரு பருக்கை குறையாமல் வரும். எனக்கும் பாரபட்சம் கிடையாது."

பந்தியே திரும்பிப் பார்த்தது. திருமேனிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எனக்கென்ன கை இல்லையா சாமி?"

"காத்தாயிக்கும் இருக்கிறது. போய்க் கயிற்றை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடு."