ஆமென் சொன்னது யார்?

காட்டுக் குளக்கரையில் மானும் முயலும் மயிலும் பொழுது சாயும் நேரத்தில் கூடி ஜெபம் செய்யும். ஜெபத்தை நடத்துவது தாடி வைத்த ஒரு கிழட்டு ஆட்டுக்கடா. எல்லோரும் அவரை உபதேசியார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

உபதேசியாரின் ஜெபம் என்றால் சும்மாவா! "அன்பின் பரலோகப் பிதாவே! தூசியும் சாம்பலுமான எங்களை இம்மட்டும் ஒரு குறைவும் இல்லாமல் காத்து வந்தீரே, ஸ்தோத்திரம்!" என்று இழுப்பார். வட்டமாய் நிற்பவர்கள் "ஆமென்!" என்பார்கள். வெள்ளம் வந்த அன்றும் அதே ஜெபம்தான், ஒரு சொல் மாறவில்லை.

வரும்போதே கண்ணை மூடிக்கொண்டு வந்து நிற்பதுதான் அங்கே பக்தி. நடுவில் திறப்பது பாவம். முடிவதற்குள் இருட்டிவிடும். அவரவர் புதருக்கு ஓடிவிடுவார்கள். பக்கத்தில் நின்றது யார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

ஒரு நாள் தொற்காள் என்ற புள்ளிமான் பதறிக்கொண்டு வந்தது.

"உபதேசியாரே, முயலைக் காணோம்! வளை வாசலில் ரத்தம் கிடக்கிறது!"

"நேற்று ஆமென் சத்தம் குறைந்ததா?"

"இல்லை..."

"அப்புறம் என்ன? அவிசுவாசமாய்ப் பேசாதே அம்மா!"

பிறகு மயிலைக் காணோம். அன்றும் ஆமென் குறையவில்லை. சொல்லப்போனால் முன்பைவிடக் கனமாக ஒலித்தது. "எழுப்புதல் வந்துவிட்டது, எல்லோருக்கும் பக்தி பெருகிவிட்டது!" என்று உபதேசியார் பூரித்துப்போனார். பாவம், அவருக்கு அவ்வளவு சந்தோஷம்!

மறுநாள் தொற்காள் தன் குட்டியோடு கண்ணை மூடியபடியே வந்து நின்றது. ஜெபம் தொடங்கியது.

"அம்மா, என் பக்கத்தில் நிற்பது யார்? மூச்சு சுடுகிறது."

"உஷ்! முயல் மாமா திரும்பி வந்திருப்பார். ஜெபத்தில் பேசக்கூடாது."

"முயல் மாமா இவ்வளவு உயரமா அம்மா?"

தொற்காள் குட்டியின் பக்கம் நகர்ந்தது. கண்ணைத் திறந்தால் பாவமாயிற்றே! ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? திறந்துவிட்டது.

வட்டம் முழுக்க ஓநாய்கள். எல்லாம் பணிவாய்த் தலையைத் தாழ்த்தி நின்றன. கண்கள் மட்டும் திறந்திருந்தன. உபதேசியாரைத் தவிர நம்மவர் ஒருவரும் இல்லை. குட்டியை ஒட்டி நின்ற ஓநாய், முயலின் குரலில் மெல்ல "ஆமென்" என்றது.

"ஆண்டவரே, என் குட்டி!"

அவ்வளவுதான் தொற்காளின் ஜெபம். அலறிய வேகத்தில் ஓநாயின் முகத்தில் ஓர் உதை விட்டது. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது.

"உபதேசியாரே, கண்ணைத் திறங்கள்! ஓநாய்! ஓநாய்!"

உபதேசியாருக்கு வந்ததே கோபம்! "ஜெப வேளையில் என்ன கூச்சல்?" என்று கண்ணைத் திறக்காமலே அதட்டினார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "இம்மட்டும் ஒரு குறைவும் இல்லாமல்..."

"ஆமென்!" என்று வட்டம் ஓர் அடி சுருங்கியது.

தாயும் குட்டியும் மேட்டில் ஏறி நின்று மூச்சு வாங்கின. கீழே உபதேசியாரின் குரல் நின்றுபோயிருந்தது. ஆமென் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் இருப்பவரைப் பாராமல் வாடிக்கையாய்ச் சொல்லும் நூறு வார்த்தையைவிட, கண்ணைத் திறந்து பார்த்துப் பதறிச் சொல்லும் ஒரு வார்த்தையே மேலான ஜெபம்.