வெட்டுக்குறி

தலைகீழாக நிற்கும் தூண் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. சட்டையைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டு வரும் பிள்ளையைக் கண்டவுடன் சொல்லிவிடலாம். தூண் அப்படியில்லை. இழைத்து வழவழவென்று நிறுத்திவிட்டால், வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று யாருக்குத் தெரியும்?

கடல் தாண்டிப் போனால், மலாய்க் கரையில் கோலா பெலந்தி என்றொரு துறைமுகம். ஆறு கடலில் விழும் இடத்தில் ஒரு பள்ளிவாசல். அதற்குக் குவிமாடம் கிடையாது. பானை மூடிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினாற்போல் மூன்று கூரை, ஒன்றின்மேல் ஒன்று. அடுக்குகளுக்கு நடுவே காற்றும் வெளிச்சமும் வர இடம். உச்சியில் கவிழ்த்து வைத்த சீனப் பீங்கான் சாடி. ஆணி என்று ஒன்றுகூட அடிக்கவில்லை. மரத்துக்குள் மரத்தைச் செருகிய வேலை. அத்தனை பாரத்தையும் தாங்க நடுவில் நாலு பெரிய தூண்.

நாலு வகை ஆட்கள் சேர்ந்து கட்டியது. மலாய்க்காரர்கள் இடமும் காட்டு மரமும் கொடுத்தார்கள். சீன முஸ்லிம்கள் ஓடு கொடுத்தார்கள். மரத்தை இழைத்தவர்கள் ஜாவாக்காரர்கள். தூண்களை நட்டவர்கள் தமிழர்கள். கப்பலில் பாய்மரம் நட்டுப் பழகியவர்கள் ஆயிற்றே, கயிறும் கப்பியும் அவர்களிடம்தான் இருந்தன.

நட்டவர்களுக்குத் தலைமை நாகூர் மீரா லெப்பை. இழைத்தவர்களுக்குத் தலைமை ஜாவாக்காரர் கர்த்தோ.

காட்டில் மரம் எப்படி நின்றதோ அப்படியே தூணாகவும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனி மேலே. அந்தக் கரையில் இது கண்டிப்பு. மாற்றி நட்டால் சாவு விடாது என்பார்கள். அதனால் மரத்தை இழைத்ததும் ஒரு முனையில் உளியால் சின்னதாக ஒரு வெட்டு வைப்பது தச்சர்கள் வழக்கம்.

எந்த முனையில்? லெப்பையின் ஊரில் வேர் முனையில். கர்த்தோவின் ஊரில் நுனி முனையில்.

முதல் மூன்று தூண் நட்டபோது கர்த்தோ பக்கத்தில் நின்று கை காட்டினார். நாலாவது நட்ட அன்று அவர் காய்ச்சலில் கிடந்தார். லெப்பை வெட்டைப் பார்த்தார். வெட்டைக் கீழே வைத்தார். நாற்பது பேர் கயிறு இழுத்தார்கள். தூண் நிமிர்ந்து நின்றது.

மறுநாள் வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் லெப்பை கணுக்களைக் கவனித்தார். மேலே பார்க்க வேண்டிய, கிளை முளைத்திருந்த தழும்பெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குள் தூணின் தலையில் உத்தரம் ஏறிவிட்டது.

கூரை முடியட்டும், சொல்லலாம் என்று நினைத்தார். கூரை முடிந்தது. நோன்பு முடியட்டும் என்று நினைத்தார். நோன்பு முடிவதற்குள் ஊரில் வாந்திபேதி வந்தது. குழி வெட்ட ஆள் போதாமல் ஒரு குழியில் மூன்று பேரை வைத்தார்கள். அந்த நேரத்தில் படகு செய்கிற ஒருவன் கண்ணில் அந்தக் கணுக்கள் பட்டன.

இதை இழைத்தது யார் என்று கேட்டார்கள். கர்த்தோ என்றார்கள். குறியை மாற்றி வெட்டிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது.

கூட்டத்தின் நடுவில் கர்த்தோ ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “நான் குறியைச் சரியாத்தான் வெட்டினேன்.” சொல்லும்போது லெப்பையைப் பார்த்தார். லெப்பை தன் செருப்பைப் பார்த்தார்.

பள்ளிவாசல் படியை மிதிக்கக் கூடாது என்று கர்த்தோவை ஆற்றுக்கு அக்கரைக்கு விரட்டினார்கள். இருபத்திரண்டு வருடம் போயிற்று. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இன்றைக்கும் யாரும் நின்று தொழுவதில்லை. வரிசை நடுவே அந்த இடம் மட்டும் பல் விழுந்த வாய் போலக் கிடக்கும்.

லெப்பைக்கு இப்போது அறுபது வயது. காலையில் பள்ளிவாசல் இமாம் நூகு ஹஜ்ரத்திடம் ஓதப் போவார். ஹஜ்ரத்துக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊருக்கு வந்து எட்டு வருடம்தான். பாடம் சொல்லுகிறவர் ‘மாமா’ என்பார், பாடம் கேட்கிறவர் ‘ஹஜ்ரத்’ என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒருநாள் விடியும்போது கர்த்தோ இறந்துபோனார். அவர் மகள் சரினா படகில் வந்தாள். பள்ளிவாசலில் வைத்துத் தனக்கு ஜனாஸா என்னும் கடைசித் தொழுகை நடத்த வேண்டும் என்று வாப்பா கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள். முடியாது என்று ஊர்த்தலைவர் தாஹிர் வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்பினார்.

லெப்பை ஓதப் போனார். புத்தகத்தைப் பிரித்தார். எழுத்து ஓடவில்லை.

“ஹஜ்ரத், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க மாமா.”

“தூண் தலைகீழா நின்னா, அதுக்குக் கீழ தொழற தொழுகை கூடுமா?”

“கூடும்.”

“அந்தத் தூணால ஊருக்குச் சாவு வருமா?”

“அந்த வருஷம் எல்லாரும் ஆத்துத் தண்ணியை அப்படியே மொண்டு குடிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். தூண் என்ன செய்யும்?”

லெப்பைக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. “அப்படின்னா அதை நட்டவன் மேல குத்தமில்லைதானே?”

ஹஜ்ரத் அவரைப் பார்த்தார். “யாருக்காகக் கேக்குறீங்க?”

“யாருக்காகவும் இல்ல. சும்மா ஞாபகம் வந்துச்சு.”

“இருபத்திரண்டு வருஷம் கழிச்சு, சரியா இன்னைக்கு வந்திருக்கு.”

லெப்பை பக்கத்தைப் புரட்டினார். ஹஜ்ரத் புத்தகத்தை மூடினார்.

“ஒரு வேலை இருக்கு, மாமா. இறந்தவங்களைத் தூக்குற சந்தூக்குல ஒரு கம்பு செல்லரிச்சுப்போச்சு. மையித்தைத் தூக்கினா நடு வழியில முறிஞ்சிடும். மதியம் லுஹர் தொழுகைக்குள்ள புதுசு ஒண்ணு போட்டுத் தாங்களேன்.”

“யாருக்கு?”

“கர்த்தோவுக்குத்தான்.”

“தலைவர்தான் கூடாதுன்னுட்டாரே.”

“அது வாசல்ல வச்சுப் பேசிக்கலாம். முதல்ல தூக்கிட்டு வரணும்ல.”

லெப்பை கம்பு இழைத்தார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. இரண்டு முனையும் ஒன்றுபோல வந்தன. துணி போர்த்திவிட்டால் தலைமாடு எது, கால்மாடு எது என்று தெரியாமல் போய்விடும். கை அதுபாட்டுக்கு உளியை எடுத்து, கால்மாட்டு முனையில் சின்னதாக ஒரு வெட்டு வைத்தது.

சந்தூக்கு முதலில் படகேறிப் போயிற்று. பின்னாலேயே லெப்பையும் ஹஜ்ரத்தும் போனார்கள். கர்த்தோவின் வீடு கால் நட்டுக் கட்டிய பலகை வீடு. கீழே கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. தேங்காய் பறிக்கிற ஜாவாக்காரர்கள் மூன்று பேர் கர்த்தோவின் மையித்தைச் சந்தூக்கில் வைத்து, மூடி, துணி போர்த்தியிருந்தார்கள். தூக்க நாலாவது ஆள் இல்லை.

லெப்பை போய் வெட்டில்லாத முனையில் தோள் கொடுத்து, ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார். மற்ற மூவரும் சந்தூக்கைச் சுற்றித் திருப்புவதற்காக வீட்டுப் பக்கம் திரும்பி நின்றார்கள். இரண்டு பக்கமும் இழுத்ததில் சந்தூக்கு ஆடியது.

“அங்க ஏன் நிக்கிறீங்க?” என்றார் மூவரில் வயதானவர். “அது கால்மாடு. கால் முன்னால போகவா?”

“இல்ல, இதுதான் தலைமாடு. வெட்டு அந்த முனையிலதானே இருக்கு.”

“ஆமா. வெட்டைப் பார்த்துத்தான் இங்க தலையை வச்சோம்.”

“வெட்டுன்னா அடி. வேர்ப்பக்கம்.”

“யார் சொன்னா? வெட்டுன்னா நுனி. எங்க ஆளுங்க எல்லாருக்கும் அப்படித்தான். கர்த்தோ கையைப் பிடிச்சு எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.”

லெப்பையின் கை கம்பின் வெட்டில்லாத முனையைத் தடவியது.

துணியின் முனையைக் கட்டிக்கொண்டிருந்த சரினாவின் கை நின்றுவிட்டது. அவள் அந்த வெட்டைப் பார்த்தாள். லெப்பையைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படியருகே ஹஜ்ரத் நின்றிருந்தார்.

“திருப்பிப் பிடிங்க,” என்றார். “மையித்தைக் காக்க வைக்கக் கூடாது.”

திருப்பினார்கள். வெட்டு இருந்த முனை இப்போது முன்னால், லெப்பையின் தோளில். படகில் ஏறியதும் அவர் மெதுவாக எழுந்து ஹஜ்ரத்தின் பக்கம் வரப் பார்த்தார்.

“ஹஜ்ரத், நான் ஒண்ணு...”

“படகு ஆடுது. உட்காருங்க மாமா. கரைக்குப் போயிடலாம்.”

பள்ளிவாசல் வாசலில் ஊரே நின்றது. தாஹிர் படியின் குறுக்கே கை நீட்டினார். நல்ல மனிதர்தான். அவர் குரல் உடைந்து வந்தது.

“தூணைத் தலைகீழாக் கொடுத்த ஆளு இது. அந்த வருஷம் என் தம்பிங்க ரெண்டு பேரை ஒரே நாள்ல குழியில வச்சேன். இந்தக் கூரைக்குக் கீழ இந்த மையித்து வரக் கூடாது.”

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள்.

“ஹஜ்ரத், உங்களுக்குத் தெரியாது,” என்றார் தாஹிர். “நீங்க அன்னைக்கு இந்த ஊர்ல இல்ல.”

“ஆமா. நான் இல்ல,” என்றார் ஹஜ்ரத்.

பின்னால் சரினா நின்றிருந்தாள். அவள் லெப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்திருந்த கதவு வழியாக அந்தத் தூண் தெரிந்தது. மேல் அடுக்கின் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. கணுக்கள் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. லெப்பையின் கட்டைவிரல் கம்பிலிருந்த வெட்டில் போய்ப் பதிந்தது. எடுத்தார், மறுபடியும் அங்கேயே போயிற்று.

“ஹஜ்ரத்,” என்றார், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி. “உங்களுக்கு இப்பத் தெரியும். நீங்க சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

ஹஜ்ரத் குனிந்து, கம்புக்கு அடியில் தன் தோளை வைத்தார். பாரம் லெப்பையின் தோளிலிருந்து அவர் தோளுக்கு மாறியது.

“கம்பை எங்கிட்ட விடுங்க, மாமா,” என்றார். “நீங்க உள்ள போய் அந்தத் தூண் பக்கத்துல நின்னு, வெட்டு எந்தப் பக்கம்னு இவங்களுக்குச் சொல்லுங்க.”