மூன்றாம் எழுத்தில் நின்றவள்

எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரொம்ப ரொம்ப முன்னாலே, நெல்லூற்று நாட்டை வில்லவராயர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தாராம். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா, "எங்க அரண்மனையிலே குதிரைக்குப் புல் போடுறவனுக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியும்" என்று பெருமையடித்துவிட்டுப் போனார். மறுநாளே இங்கே தண்டோரா. அரண்மனை வேலையாட்கள் முப்பது பேரும் எழுத்துப் படிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சபையில் பரீட்சை. தேறாதவர்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக் குடியிருப்பை விட்டே போய்விட வேண்டும்.

பாடம் சொல்ல வந்தவர் வாகீச பண்டிதர். படிப்பு மலையளவு, கர்வம் அதைவிட ஒரு முழம் உசரம். மணலில் ஓர் எழுத்தை எழுதுவார். "புரிந்ததா?" என்பார். "புரிந்தது சாமி" என்று முப்பது குரலும் ஒன்றாக வரும். அடுத்த எழுத்துக்குப் போய்விடுவார். கேள்வி கேட்டால் முன் வரிசை மூன்று பேர் பட்டென்று சொல்வார்கள். வகுப்பே சொன்னதாக அவர் பூரித்துப்போவார்.

கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள் கொளஞ்சி. அரண்மனைக் கொட்டகையில் நெல் குத்திப் புடைக்கிற பெண்களுக்கெல்லாம் வேலை பழக்குகிறவள் அவள்தான். அ, ஆ இரண்டும் அவள் கோயில் சுவரிலே பார்த்துப் பழகியவை. மூன்றாவதாக இ வந்தது. அந்தச் சுழி எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் "புரிந்தது சாமி" என்று எல்லாரும் சொல்லியாயிற்று. தன் மண்டையில் மட்டும்தான் ஏறவில்லை போலிருக்கிறது என்று அவளும் உதட்டை அசைத்தாள். அந்த ஒரு பொய் ஆறு மாதத்துப் பொய் ஆயிற்று.

பரீட்சை நாள். "மகாராஜா, என்னிடம் ஒருவர்கூட ஒருநாளும் புரியவில்லை என்று சொன்னதில்லை" என்றார் பண்டிதர்.

ராஜாவுக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, "கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிப்போம். அந்தக் கைப்பிள்ளைக்காரி வரட்டும்" என்றார்.

தன் பெயரை எழுதச் சொன்னதும் கொளஞ்சி மணல் முன்னே நின்றாள். விரல் அசையவில்லை. சபை சிரித்தது.

"உமி புடைக்கிற கை, மகாராஜா. மணலுக்குப் பதில் தவிட்டைப் போட்டால் எழுதுவாளோ என்னவோ" என்றார் பண்டிதர். சிரிப்பு இன்னும் கூடியது.

ராஜா முகம் கடுத்தது. "தினமும் புரிந்தது என்றாயாமே. புரியாமலே ஏன் சொன்னாய்?"

காது மடல் வரைக்கும் சுட்டது அவளுக்கு. இன்று ராத்திரி பிள்ளையை எங்கே கிடத்துவது என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்புதான் வாயைத் திறக்க வைத்தது.

"அதை வாயாலே சொல்லத் தெரியலை, மகாராசா. உத்தரவு கொடுத்தா என் தொழிலை ஒரு தடவை சொல்லித் தர்றேன். அப்போ உங்களுக்கே தெரியும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். முறம் வந்தது, குத்தின அரிசியும் வந்தது. கொளஞ்சி பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, கண் சிமிட்டுகிற நேரத்தில் செய்து காட்டினாள். "புடைச்சா உமி பறக்கும், கொழிச்சா உடைஞ்ச குருணை ஒதுங்கும், நாவினா கல்லு பிரியும். அவ்வளவுதான். புரிஞ்சுதா?"

முறம் ஆடியதைத் தவிர ராஜா ஒன்றையும் பார்க்கவில்லை. இத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல முடியுமா? "புரிந்தது" என்றார். சபையும் "புரிந்தது, புரிந்தது" என்றது. பண்டிதர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே.

கொளஞ்சி வேறு அரிசியை அள்ளிப் போட்டு முறத்தை ராஜாவிடம் நீட்டினாள்.

ராஜா வாங்கிப் புடைத்தார். உமி போய் மீசையில் ஒட்டியது. அரிசி பாதி தரையில். ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. ராஜா தலை தொங்கிப்போயிற்று. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கக் கொளஞ்சிக்கே கூசியது. ஆறு மாதமாக அவள் சுமந்த முகம் அது.

மெதுவாகச் சொன்னாள்: "புடைக்கிறது உங்களுக்கு நல்லாவே வருது, மகாராசா. கொழிக்கும்போதுதான் மணிக்கட்டு விறைக்குது. தளர்த்தி, ஒரு பக்கமா சாச்சுப் பாருங்க."

சாய்த்தார். குருணை ஒதுங்கியது.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"உங்க காலடியிலே சிந்தின அரிசியைப் பார்த்தேன். எங்க கொட்டகையிலே புரிஞ்சுதான்னு யாரையும் கேக்கிறதில்லை. கேட்டா புரிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க. அரிசி கீழே கிடந்தா மணிக்கட்டுக் கோளாறு. கல்லு முறத்திலே கிடந்தா அவசரம். ஆளுக்கு ஒரு தப்பு, ஆளுக்கு ஒரு பக்குவம்."

"புரிந்தது என்றவர்களே, அடுத்து யார்?" என்றார் ராஜா. சபை முழுக்கக் கால் கட்டைவிரலைப் பார்த்தது. பண்டிதர் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பண்டிதரே, இவள் எந்த எழுத்தில் நிற்கிறாள்?"

பண்டிதர் முன் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயே சொல்லம்மா."

இதைவிடப் பெரிய வெட்கம் இனி இல்லை. சொன்னாள். "மூணாவது எழுத்து. இ."

"வேறு யார் அங்கே நிற்பது? அட, அரிசியைத் தரையில் கொட்டிய என்னைவிடவா உங்களுக்கு வெட்கம்?"

தோட்டக்காரர் கை மெல்ல உயர்ந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பதினோரு கைகள்.

ராஜா தன் கைக் காப்பைக் கழற்றிக் கொளஞ்சிக்குக் கொடுத்தார். ஒருவரும் அரண்மனையை விட்டுப் போக வேண்டாம். பண்டிதர் இனிமேல் ஒவ்வொருவர் மணலையும் குனிந்து பார்த்துத்தான் அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். "இப்போதே தொடங்கும்" என்றார்.

எல்லாரும் பாடம் நடக்கிற இடத்துக்குப் போனார்கள். பண்டிதர் கொளஞ்சி பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே, தாம் வழக்கமாக உட்காருகிற இடத்தின் முன்னே, காலையில் அவர் எழுதிவைத்த எழுத்து இருந்தது. இந்தப் பக்கமிருந்து அதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எழுத்து தலைகீழாக இருந்தது. ஆறு மாதமும் எதிரே உட்கார்ந்து, தமக்கு நேராக அல்லவா எழுதியிருக்கிறார். முன் வரிசை மூன்று பேர் வீட்டிலேயே எழுத்துப் படித்து வந்தவர்கள். அவர்களுக்கு எப்படி எழுதினாலும் ஒன்றுதான்.

பண்டிதர் குனிந்த தலை நிமிரவில்லை. கொளஞ்சி பிள்ளைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.