தலைவர் பார்க்காத தலை

சந்தைமேட்டு போட்டோ கிளப்பில் போட்டிப் படங்களில் பெயர் போடுவதில்லை. அது தலைவர் தணிகாசலத்துக்கு வசதியாய்ப் போயிற்று. முதல் பரிசு வாங்கிய மாட்டுச்சந்தைப் படத்தை, "நான் எடுத்தது" என்று கூசாமல் சொல்லிவிட்டார்.

எடுத்தவள் வடிவு. ஆனால் பிரிண்ட் போட்ட மறுநாளே, படம் இருந்த அவள் போன் கிணற்றில் விழுந்திருந்தது.

"ஏம்மா, உன் படம்னா நிரூபி. இல்லேன்னா கிளப்பை விட்டுப் போ!" என்றார் தலைவர்.

"நிரூபிக்க வழியில்லீங்க ஐயா. ஒரு சந்தேகம் மட்டும். இந்த ஓரத்துல, வழுக்கையில மாங்கா மாதிரி மச்சத்தோட, முதுகைக் காட்டி இளநீர் குடிக்கிறது யாருங்க?"

தலைவர் படத்தின்மேல் குனிந்தார். "எவனோ வழுக்கையன்!"

பின்னால் நின்றவர்கள் ஆடிப்போனார்கள். குனிந்த தலையிலும் அதே வழுக்கை, அதே மாங்காய்! தன் முதுகு தனக்குத் தெரியாதல்லவா?

தலைவர் ஒரு கையால் பரிசுக் கேமராவை வடிவிடம் நீட்டினார்; மறு கையால் பின்னந்தலையைப் பொத்திக்கொண்டார்.