செங்கமலம் வைத்த குங்குமம்

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், ஆவுடையப்பனின் மரப்பட்டறையே கதிகலங்கிப் போனது. அவருடைய அப்பா காலத்து ஜெர்மன் டிரில் மிஷினின் முனையில் துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கு காணாமல் போயிருந்தது. முதலாளி, பட்டறை கூட்டும் செங்கமலத்தின் மேல் பாய்ந்தார்.

"மரத்தூளோட சேர்த்துக் கூட்டித் தள்ளிட்டியா? அதே மாதிரி சக்கு ஒண்ணு கொண்டா. இல்லேன்னா வேலைக்கு வராதே!"

அவ்வளவு பழைய மிஷினுக்கு உதிரி சாமானை எங்கே தேடுவாள்? கடை கடையாக அலைந்து, கடைசியில் பழைய சாமான் வியாபாரி தனுஷ்கோடியிடம் வந்து நின்றாள். பூஜையன்று பட்டறைக்கு வந்து, அந்த மிஷினை விலைக்குக் கேட்டு, கிடைக்காமல் போனவர் அவர்.

"இருக்கு. உன் முதலாளியைக் கூட்டிட்டு வா" என்றார் மிதப்பாக.

முதலாளி வந்ததும் தனுஷ்கோடி பளபளக்கும் சக்கை எடுத்து வைத்து, யானை விலை சொன்னார்.

"புதுசா, அண்ணாச்சி?" என்று கேட்டாள் செங்கமலம்.

"நேத்துதான் ஜெர்மனியில இருந்து வந்திச்சு. எந்த மிஷின்லயும் மாட்டினதில்ல. பிள்ளைங்க மேல சத்தியம்!"

செங்கமலம் கொண்டை ஊசியை உருவி, சக்கை இறுக்கும் சாவி நுழையும் துளைகளைக் கிண்டித் தட்டினாள். உள்ளங்கையில் சிவப்பாக உதிர்ந்தது.

"அங்கேயும் ஆயுத பூஜை உண்டா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் குனிந்து அவள் உள்ளங்கையைப் பார்த்தார். 'ஓட்டைக்குள்ள எதுக்குடி குங்குமத்தைத் திணிக்கிறே?' என்று பூஜையன்று அவளை வைதவரே அவர்தான்.

செங்கமலம் சக்கை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்குக் கூட்ட வரலாமா, மொதலாளி?"